மாமாவை அழைத்துவரப் போன வண்டி

செய்யாற்றில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும் ஒரு சித்திரை மாதத்தில் நான் பெங்களூருக்குக் கிளம்பினேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் அக்காவின் கணவர் படுத்திருந்தார். வயிற்றில் புற்று. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்கா இதைச் சொன்னபோது அவள் குரல் உடையவில்லை. "உங்க மாமா வேற எந்த வண்டியிலயும் ஏற மாட்டேங்கறாரு. நம்ம வண்டிய எடுத்துக்கினு வா" என்றாள்.

நம்ம வண்டி என்பது மாமாவின் அம்பாசடர். வாடகைக்கு ஓட்டினார். ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான். நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்சீட்டில் நான் போகாத கல்யாண மண்டபம் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வண்டியைப் பற்றி மாமா பேசுவதைக் கேட்டால், ஒன்று இருக்கிறது, கொஞ்சம் அடங்காப்பிடாரி என்று தோன்றும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் உயிர் போனால் உடலை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டு, அங்கேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். ஓர் ஐப்பசியில் எதிர்வீட்டுக்காரரை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாமாதான் கொண்டுவந்தார். அன்று பகல் முழுக்க மழை. பந்தல் ஒழுகியது. அந்த மனிதர் செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு நாலடி தள்ளித் திறந்து கிடக்க, அவர் தெருவில் நனைந்துகொண்டிருந்தார். உள்ளே கொண்டுபோகலாமே என்று யாரோ சொன்னதற்கு, வழக்கத்தை மாற்ற நாம் யார் என்று கறாராகத் தடுத்தவர் மாமாவின் அண்ணன். தெருவில் எல்லா நல்லது கெட்டதும் அவர் சொல்படிதான். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆகவே வீட்டுக்குப் போகணும் என்று மாமா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு வாசல்படி தாண்ட வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. கிருஷ்ணகிரி தாண்டி ஏற்றம் வந்ததும் பானெட்டின் இடுக்குகளில் ஆவி வர ஆரம்பித்தது. ஓரம் கட்டித் திறந்தால் உள்ளே உலை கொதிக்கிற சத்தம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்று தெரிந்தும் அவசரத்தில் துணியைச் சுற்றித் திருகப்போனேன். பின்னால் நின்ற லாரிக்காரர் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். அவர் பேசிய கன்னடம் எனக்குப் புரியவில்லை, திட்டுகிறார் என்று மட்டும் புரிந்தது. திட்டிவிட்டு, ஆறும்வரை கூடவே நின்று, தன் கேனிலிருந்த தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டுவது, நிற்பது, ஊற்றுவது என்று போய்ச் சேர்ந்தேன். பெங்களூரின் குளிர்ந்த காற்று பட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. முதல் சிக்னலிலேயே அதுவும் போயிற்று.

ஜீவனஹள்ளியில் மாமாவின் சித்தப்பா மகன் தேவராஜ் அண்ணன் வீடு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். வண்டியைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், அதைப் பின்னோக்கி எடுத்து நம்பர் பலகை சுவரைப் பார்க்கும்படி நிறுத்தியதுதான். முன்பக்கப் பலகை மேல் ஒரு கோணியைப் போட்டார். தண்ணீர்ச் சண்டை நடந்த வருடத்தில் தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவர். இப்போது ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்களே கன்னடக்காரர்கள்தான், தாயும் பிள்ளையுமாகப் பழகுகிறோம், ஆனாலும் கை தானாக அப்படிச் செய்கிறது என்றார். இரவு அண்ணி ராகி முத்தே போட்டார். எங்கள் ஊர்க் களிதான், பெயர் மட்டும் வேறு. குழம்பில் இனிப்பாக ஏதோ தட்டுப்பட்டது. பசியில் அதையும் விழுங்கினேன்.

மறுநாள் வார்டில் மாமாவைப் பார்த்தபோது கட்டிலில் வேறு யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அக்கா கூப்பிட்டுத் திருப்பினாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வண்டி வந்துவிட்டதா என்றுதான் கேட்டார். வந்துவிட்டது, ஏற்றத்தில் சூடாகிறது என்றேன். தண்ணீர் ஊற்றினாயா என்றார். ஊற்றினேன் என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டிக்குத் தும்மல் வந்தாலே ஒரு மணி நேரம் பேசுகிறவர் அவர். வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கேன்டீனில் அக்காவும் நானும் ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லிக் குடித்தோம். அந்த ஊரில் அதற்கு 'பை-டூ' என்று பெயர், யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். பக்கத்து பெஞ்சில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா இங்கே வந்த பிறகு காதால் கேட்டே அந்த மொழியைக் கொஞ்சம் பிடித்திருந்தாள். அவர்களில் ஓர் அம்மாவின் கணவர் பலாச்சுளை வேண்டும் என்று கேட்கிறாராம், டாக்டர் கொடுக்கக் கூடாது என்கிறாராம், இனிமேல் கொடுத்தால் என்ன கொடுக்காவிட்டால் என்ன என்று மற்றவள் கேட்கிறாளாம். சொல்லி முடித்துவிட்டு அக்கா காபியை அப்படியே வைத்துவிட்டாள்.

அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, தேவராஜ் அண்ணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் காக்ஸ் டவுன் பக்கம் சையத் பாய் என்கிற மெக்கானிக்கிடம் கூட்டிப்போனார். வாய் ஓயாத மனிதர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறது என்றார். பெல்ட்டை இறுக்கி ஓட்டிப் பார்த்தோம், சூடானது. அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு, மாட்டிக்கொண்டிருக்கும் என்றார். பிரித்தால் அந்த இடத்தில் வால்வே இல்லை. சூடு குறையட்டும் என்று மாமா எப்போதோ கழற்றி வீசியிருக்கிறார். கீழ்நாட்டு வெயில்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று பாய் சிரித்தார். பிறகு ரேடியேட்டரில் குமிழி வருவதைக் காட்டி, முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார். ஹெட்டைப் பிரிச்சே ஆவணும். நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை, சாமான் கிடைக்காது. செவ்வாக்கிழமை வந்து எடுத்துக்குங்க."

இன்ஜினின் மேல்மூடியையே கழற்றுகிற பெரிய வேலை அது. செவ்வாய்க்கிழமை வரை மாமா இருப்பாரா என்பதை டாக்டர்களே சொல்லத் தயாராக இல்லை. வாசலிலேயே தேவராஜ் அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

"சும்னே டென்ஷன் ஆவாத தம்பி. நாளைக்குக் காலையில ஆம்புலன்ஸ் சொல்லிடலாம். மதியானத்துக்குள்ள ஊர்ல கீறாரு."

அதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்கும் பட்டது. ஒரு பழைய தகர வண்டிக்காக ஒரு மனிதனின் கடைசி ஆசையைப் பணயம் வைப்பதா? ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மாமாவின் பிடிவாதத்தின் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஹெட்டைப் பிரிக்கப் போகிறார்களாம், செவ்வாய்க்கிழமை ஆகுமாம், நாளைக்கு ஆம்புலன்ஸில் போய்விடலாம் என்று கட்டிலருகே நின்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடியபடியே பேசினார்.

"ஹெட்டத் தொட வேணாம்னு சொல்லு."

ஏன் என்று கேட்டேன். அவர் அக்காவைப் பார்க்காமல் மேலே ஃபேனைப் பார்த்துச் சொன்னார்.

"ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட்டுக்கீறேன்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரேடியேட்டர் ஒழுகினால் லாரிக்காரர்கள் செய்கிற கைவைத்தியம் இது. ஒரு கை மஞ்சள்தூளை உள்ளே கொட்டினால் அது ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டு ஒழுக்கை நிறுத்திவிடும். பக்கத்து ஊர் வரை போய்ச் சேர உதவும். அதையே வழக்கமாக்கினால், ஓட்டையை அடைத்த மஞ்சள் தண்ணீர் ஓடுகிற குழாய்களையும் அடைத்துவிடும். இதைச் செய்கிற டிரைவர்களை ஸ்டாண்டில் நிற்க வைத்துக் கிழிப்பவர் மாமா. வண்டி என்ன அம்மியா, மஞ்சள் அரைக்க என்று அவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் யாருக்கும் தெரியாமல் தன் வண்டிக்கு அதையே செய்திருக்கிறார், வெட்கத்தில் அதைச் சொல்லவும் முடியாமல் இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

"அப்பப்ப டப்பாவத் தூக்கிக்கினு போவீங்களே" என்றாள் அக்கா. "வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பொட்டு வெக்கறீங்கன்னு இல்ல நெனச்சேன்."

மாமாவின் வாய் ஓரம் கொஞ்சம் கோணியது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்தால் வண்டி இரண்டு நாள் நிற்கும், சவாரி போய்விடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டதாக விட்டுவிட்டுச் சொன்னார்.

வராண்டாவுக்கு வந்ததும் அக்காவுக்குக் கோபம் பொங்கியது. நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. "வயித்து வலிக்கு ஓம வாட்டர் குடிச்சுக் குடிச்சே ரெண்டு வருசம் ஓட்டினாரு. ஆஸ்பத்திரிக்கு வான்னா சவாரி இருக்குதும்பாரு. வண்டிக்கும் அதே வைத்தியம்தானா" என்றாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழவில்லை.

ரேடியேட்டரை மட்டும் சரிசெய்வதென்றால் சனிக்கிழமை முழுக்க ஆகும், ஞாயிறு காலையில்தான் கிளம்ப முடியும். ஆம்புலன்ஸ் என்றால் சனிக்கிழமை காலையிலேயே போகலாம். நடுவில் ஒரு நாள். அந்த ஒரு நாள் மாமாவுக்கு இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? நான் ஆம்புலன்ஸ் என்றேன். தேவராஜ் அண்ணனும் அதையே சொன்னார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டியைச் சரிபண்ணு என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் தன்னிடம் வாய்விட்டு எதையுமே கேட்டதில்லை, இதை ஒன்றைத்தான் கேட்கிறார் என்றாள். எனக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. அவளிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

மஞ்சள் விஷயத்தைச் சொன்னதும் சையத் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அரே, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?" என்று இன்ஜினை ஓடவிட்டு ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேலே கை வைக்க முடியாத சூடு, கீழே நடுப்பகுதி முழுக்கப் பச்சைத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. சூடான தண்ணீர் அந்தப் பக்கமே போகவில்லை. தான் ஹெட்டைப் பிரிக்கச் சொன்னதைப் பற்றி அதன் பிறகு பாய் மூச்சு விடவில்லை. நானும் கிளறவில்லை.

சனிக்கிழமை பகல் முழுக்க சிவாஜிநகரில், ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்கிற ஒரு சந்தில் கழிந்தது. கந்தகமும் ஈயமும் கலந்த வாசனை. ரேடியேட்டரின் மேல் தொட்டியை ஒட்டியிருந்த ஈயப்பற்றைச் சூடுகாட்டிப் பிரித்துத் தூக்கியபோது உள்ளே பார்த்தேன். வரிசையாக இருக்க வேண்டிய குழாய் வாய்கள் தெரியவே இல்லை. காய்ந்த குளத்துச் சேறு போல, மஞ்சளும் துருவும் கலந்து இறுகிக் கிடந்தது. பட்டறைக்காரர் பட்டையான இரும்புக் கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டு விட்டு இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் பழுப்பு மஞ்சளாகக் கட்டி கட்டியாக வந்து தரையில் விழுந்தது. அக்கா வீட்டு அடுப்படியின் வாசனை அதில் இன்னும் மிச்சமிருந்ததாக எனக்குத் தோன்றியது. பிரமையாக இருக்கலாம்.

எல்லாம் முடிந்தபின் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தார்கள். ஓர் ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்தது. குண்டூசி முனை அளவு ஓட்டை. பட்டறைக்காரர் ஒரு பொட்டு ஈயம் வைத்தார், அவ்வளவுதான். நான் வாங்கிய டீ ஆறுவதற்குள் அது முடிந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்குத்தானா என்று திரும்பத் திரும்ப மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டியை மட்டும் நினைத்துக் கேட்கவில்லை.

பொழுது சாய, ரேடியேட்டரை மாட்டி, பாயும் நானும் அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தோம். ஏதோ கோயில் ஊர்வலம் குறுக்கே வந்து போக்குவரத்து அசையாமல் நின்றது. பாய் இன்ஜினை அணைக்க விடவில்லை. நிற்கும்போது சூடாகாவிட்டால் எங்கேயும் ஆகாது என்றார். மேளமும் ஆட்டோக்களின் ஹாரனும் சேர்ந்த அந்த இரைச்சலில் இருவரும் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பாதிக்கு வந்து நின்றது, நகரவில்லை. இறங்கும்போது பாய் பானெட்டின் மேல் கை வைத்து வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டுப் போனார்.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். தேவராஜ் அண்ணன் மாமாவைக் குழந்தை போலத் தூக்கிவந்து பின்சீட்டில் கிடத்தினார். தலை அக்காவின் மடியில். மாமா கையை நீட்டி முன்சீட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார். இன்ஜினைக் கிளப்பியதும் கண்ணை மூடி அதன் சத்தத்தைக் கேட்டார்.

"முள்ளு எங்க நிக்குது?" என்றார் கொஞ்ச தூரம் போனதும்.

"பாதியில மாமா."

அதன்பிறகு அதுதான் எங்கள் பேச்சு. ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் கேட்பார், நான் சொல்வேன். இறக்கம் முடிந்து சமதரைக்கு வந்ததும் ஜன்னலில் அனல் அடித்தது. முள் அப்போதும் நகரவில்லை. அதைச் சொன்னபோது மாமா, "நல்லா ஓடுது" என்றார். என்னையா வண்டியையா என்று தெரியவில்லை. என் ஓட்டுதலை அவர் ஒருநாளும் பாராட்டியதில்லை, எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

ஆம்பூர் தாண்டியபின் அவர் குரல் எனக்கு எட்டவில்லை. அக்கா குனிந்து கேட்டுச் சொன்னாள். "மாமா கேக்கறாரு, முள்ளு எங்க நிக்குதுன்னு." பாதியில்தான் என்பேன். வேலூரில் டீ குடிக்கலாமா என்று கேட்டதற்கு எங்கேயும் நிறுத்தாதே என்றாள். ஆற்காடு தாண்டியும் கேட்டாள். செய்யாற்றுப் பாலத்தின் மேலும் கேட்டாள்.

தெருவில் கூட்டமாகத்தான் நின்றிருந்தார்கள். மாமாவின் அண்ணன் வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படி இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே வண்டியை நோக்கி வந்தார். அக்கா கண்ணாடியை இறக்கி, தூங்குகிறார், சத்தம் போடாதீர்கள் என்றாள்.

நான் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து மாமாவின் பாதங்களைப் பிடித்தேன். சித்திரை வெயிலில் அந்தப் பாதங்கள் சில்லிட்டிருந்தன. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் மாறவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"வேலூருக்கு முன்னாலயே போயிட்டாரு. நீ பதறிப் பூடுவன்னுதான் சொல்லல. தூக்குடா. உள்ள போயிட்டு அழுவலாம்."

தூக்கினோம். தலையைத் தன் மார்போடு சேர்த்து, முந்தானையால் வெயிலுக்கு மறைப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டு, பார்த்து, மெதுவா என்று என்னிடம் சொல்லியபடியே பின்னால் நடந்து வாசல்படி தாண்டினாள். அவருடைய கட்டிலில் கிடத்தினோம். அக்கா அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, வேட்டியைக் கால்வரை இழுத்துவிட்டாள்.

மாமாவின் அண்ணன் எங்கள் பின்னாலேயே வந்திருந்தார். தம்பியின் நெற்றியில் கை வைத்தார். அந்தக் கை அங்கேயே நின்றது. சில்லிப்பு இப்போது வந்ததல்ல என்று தெரியாத வயதல்ல அவருக்கு. அக்கா அவரை நேராகப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்டுக்கு வந்து, கட்டில்ல படுத்து, இப்பத்தான் போனான் என் தம்பி."

உள்ளே அக்கா வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.